ஓடையை மீட்கும் பீவர்

ஓடை வருஷா வருஷம் ஆழமாகிக்கொண்டே போனால், "நல்லதுதானே, நிறையத் தண்ணி நிக்குமே" என்று சிலர் நினைப்பதுண்டு. அப்படியில்லை. ஓடையின் அடிமட்டம் இறங்க இறங்க, இரு கரையிலும் உள்ள நிலத்தடி நீர் ஓடைக்குள் வடிந்து, நீர்மட்டமும் கூடவே இறங்கிவிடும். இந்த நோய்க்கு அமெரிக்காவில் ஒரு பிராணியின் துணையோடு வைத்தியம் செய்கிறார்கள். அதன் பெயர் பீவர்.

பீவர் எலி இனத்தைச் சேர்ந்தது. ஆனால் 20 கிலோவுக்கு மேலும் வளரும். வால் தட்டையாகத் துடுப்பு மாதிரி இருக்கும். நம்ம ஊர் நீர்நாய் வேறு, இது வேறு. நீர்நாய் மீன் தின்னும். பீவருக்கு மரப்பட்டையும் தழையும்தான் தீனி. முன்பற்களால் மரத்தை அறுத்துச் சாய்த்து, குச்சி, சேறு, கல் சேர்த்து ஓடைக்குக் குறுக்கே அணை போடும். எதற்காக? அதன் வீட்டு வாசல் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. தண்ணீர் ஆழமாக நின்றால்தான் ஓநாய், கரடி அண்டாது.

அந்த அணையால் தண்ணீர் பரவி, மெல்ல நகர்ந்து, பூமிக்குள் இறங்குகிறது. வண்டல் படிகிறது. ஆனால் ஐரோப்பாவில் தொப்பி செய்ய இதன் ரோமத்துக்கு ஏக கிராக்கி. அதனால் வேட்டையாடியே, 1900 வாக்கில் பல இடங்களில் பீவரே இல்லாமல் செய்துவிட்டார்கள். அணைகள் போயின. ஓடைகள் பள்ளமாயின.

ஓரிகன் மாநிலத்தில் பிரிட்ஜ் கிரீக் என்ற ஓடை அப்படிப் பள்ளமான ஒன்று. மிச்சமிருந்த பீவர்கள் அணை போடும். குறுகிய பள்ளத்தில் வரும் வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விடும். விஞ்ஞானிகள் 2009 முதல் அதற்கு ஒத்தாசை செய்தார்கள். செய்த முறை இதுதான்:

1. ஓடைக்குக் குறுக்கே ஒரு முழம், ஒன்றரை முழ இடைவெளியில் மரக்கம்புகளை அடித்து இறக்கினார்கள்.

2. கம்புகளுக்கு இடையே வில்லோ மர விளார்களை, படல் பின்னுவது போலப் பின்னினார்கள்.

3. அடியில் சேறும் கல்லும் வைத்து அடைத்தார்கள்.

இதில் தண்ணீர் கசியும், மேலேயும் வழியும். அப்படித்தான் இருக்க வேண்டும். ஒரே பெரிய அணையாக இல்லாமல், அடுத்தடுத்து நூற்றுக்கும் மேல் போட்டார்கள். பீவர்கள் இவற்றைத் தங்கள் அணையாகவே எடுத்துக்கொண்டு பழுது பார்த்தன, புதிதாகவும் கட்டின. நிலத்தடி நீர் உயர்ந்தது. கடலுக்குப் போய்த் திரும்பும் ஸ்டீல்ஹெட் மீனின் குஞ்சுகள் பிழைப்பது சுமார் 52 சதவீதம் கூடியது. மீன் போக்குவரத்துக்கும் தடையில்லை. இந்த விவரங்கள் 2016-இல் வெளியாயின.

தொல்லையே இல்லையா என்றால், உண்டு. பீவர் வயலில் தண்ணீரைத் தேக்கிவிடும், பழமரத்தையும் அறுக்கும். அங்குள்ள விவசாயிகள் அணைக்குள் குழாய் செருகி நீர்மட்டத்தைக் குறைக்கிறார்கள். மரத்தைச் சுற்றிக் கம்பிவலை கட்டுகிறார்கள்.

"அப்ப நாமளும் நாலு பீவரைக் கொண்டாந்து விட்டா என்ன?" என்று கேட்பீர்கள். கூடவே கூடாது. 1946-இல் ரோம வியாபாரத்துக்காகக் கனடாவிலிருந்து அர்ஜென்டினாவின் தென்கோடிக்குப் பீவர்களைக் கொண்டு போனார்கள். வில்லோ மரம் வெட்டினால் தழையும். அங்குள்ள மரங்கள் அப்படித் தழைவதில்லை. பீவர்கள் பெருகி, காடு பெருமளவு அழிந்தது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பிராணியை அல்ல, பாடத்தை. சிற்றோடைகளில் நாம் போடும் குச்சித் தடுப்பணையும் இதே தத்துவம்தான். ஒன்றோடு நிறுத்தாமல் மேலிருந்து கீழாக வரிசையாகப் போட வேண்டும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் போய்ப் பார்த்து, பிய்ந்த இடத்தை உடனே அடைக்க வேண்டும். அங்கே அந்த வேலையைப் பீவர் ராத்திரியில் வந்து செய்துவிடுகிறது. இங்கே அது நம்முடைய வேலை.