செக்-அவுட்டுக்கு முன்னால் ஒரு தாள்

ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை சிப்காட்களில் வேலை பார்ப்பவர்கள் கொண்டுவரும் நுகர்வோர் புகார்களில் இப்போது புதிதாக ஒரு வகை சேர்ந்திருக்கிறது. போனஸ் வந்ததும், அல்லது ஆயுத பூஜையை ஒட்டிச் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்ததும், குடும்பத்தோடு ஒரு ‘ஹெரிடேஜ் ஸ்டே’. கானாடுகாத்தான், தரங்கம்பாடி, புதுச்சேரி, ஊட்டி என்று ஊர்தான் மாறுகிறது. நூறு வருடத்து வீடு, தேக்குக் கட்டில், முற்றத்தில் தலைவாழை இலைச் சாப்பாடு என்று படத்தைப் பார்த்து மயங்கி, ஒரு ராத்திரிக்குப் பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம் என்று முன்பணம் கட்டியிருப்பார்கள். போய் இறங்கினால் ஏசி ஓடும், குளிராது. குழாயில் வெந்நீர் வராது. படத்தில் பார்த்த மாடி அறையில் ‘வேலை நடக்கிறது’. கிடைப்பது பின்கட்டில் புதிதாக எழுப்பிய அறை. ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர். கேட்டால் எல்லா ஊரிலும் ஒரே பதில்தான்: “பழைய பில்டிங் சார், கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்.”

அதன் பிறகு நம்மவர்கள் செய்வதுதான் எரிச்சலைக் கிளப்புகிறது. ரிசப்ஷனில் கொஞ்ச நேரம் சத்தம் போடுவார்கள். வீட்டுக்காரம்மா “விடுங்க, பிள்ளைங்க முன்னாடி வேண்டாம்” என்பார். மறுநாள் முழுப் பணத்தையும் கட்டிவிட்டு, ஊர் திரும்பி, கூகுளில் ஒற்றை நட்சத்திரம் போட்டு ஆறிவிடுவார்கள். பல மாதம் கழித்து யாரோ சொன்னார்கள் என்று “கேஸ் போடலாமா?” என்று கேட்டு வருவார்கள். கையில் பில்கூட இருக்காது.

முதலில் ஒரு விஷயத்தில் தெளிவு வேண்டும். ‘வாடகை அநியாயம்’ என்பது சட்டத்தின் கண்ணில் புகாரே அல்ல. தனியார் விடுதி அறைக்கு இவ்வளவுதான் வாங்க வேண்டும் என்று அரசு விலை நிர்ணயிப்பதில்லை. வாங்கிய பணத்துக்கு என்ன தருவதாகச் சொன்னார்கள், என்ன தந்தார்கள், இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் வழக்கு. 2019 ஜூலையில் நடிகர் ராகுல் போஸ், சண்டிகரில் ஒரு நட்சத்திர ஹோட்டல் இரண்டு வாழைப்பழத்துக்கு ரூ.442.50 பில் போட்டதை வீடியோவாக வெளியிட்டார். ஊரே விலையைப் பார்த்துக் கொதித்தது. அந்த ஹோட்டலுக்கு வரித்துறை ரூ.25,000 அபராதம் போட்டது விலைக்காக அல்ல. வரி விலக்கு உள்ள பழத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி வாங்கியதற்காக. தண்ணீர் பாட்டில் சண்டையும் இப்படித்தான். ஹோட்டலிலும் உணவகத்திலும் எம்ஆர்பிக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. அந்த முப்பது ரூபாய்க்காக மல்லுக்கட்டி, பதினைந்தாயிரம் ரூபாய் விவகாரத்தைக் கோட்டைவிடாதீர்கள்.

‘ஹெரிடேஜ்’ என்ற வார்த்தைக்கு அரசு வரையறை இருக்கிறது. மத்திய சுற்றுலா அமைச்சகம் 1950-க்கு முன் கட்டிய மாளிகை, கோட்டை, பங்களா போன்றவற்றில் நடக்கும் விடுதிகளுக்கு பேசிக், கிளாசிக், கிராண்ட் என்று மூன்று தரம் வைத்துச் சான்றிதழ் தருகிறது. சான்று ஐந்து வருடத்துக்குச் செல்லும். ஆனால் சான்று வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ‘பூட்டிக்’ என்பதையோ யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய கதவும் தூணும் விலைக்குக் கிடைக்கின்றன. ஆத்தங்குடி கல் இன்றும் புதிதாகத் தயாராகிறது. இரண்டையும் வாங்கிப் பதித்தால் போன வருடம் கட்டிய வீட்டுக்கும் நூறு வயது வந்துவிடும். இதைக் கண்காணிக்க வேண்டிய சுற்றுலாத் துறைக்குத் திருவிழா விளம்பரம் அச்சடிக்கவே நேரம் போதவில்லை போலும். ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன் மின்னஞ்சலில் இரண்டு கேள்வி கேளுங்கள்: ‘சுற்றுலா அமைச்சகத்தின் ஹெரிடேஜ் சான்று உண்டா, எந்த ஆண்டு வரை?’ ‘எனக்குத் தரப்போகும் அறை பழைய கட்டிடத்திலா, புதிய பகுதியிலா?’ போனில் கேட்காதீர்கள். போனில் சொன்னது காற்றோடு போய்விடும்.

முன்பதிவு செய்த அன்றே அந்த இணையப் பக்கத்தை, தேதி தெரிகிற மாதிரி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். படம், வசதிப் பட்டியல், ரத்து விதி மூன்றும் வேண்டும். நீங்கள் புகார் கொடுத்த மறுவாரம் அந்த நீச்சல் குளப் படம் பக்கத்திலிருந்து காணாமல் போகும். ‘இன்னும் ஒரே ஒரு அறை’ என்று சிவப்பில் மிரட்டுவது, கடைசித் திரையில் திடீரென்று ஒரு கட்டணம் முளைப்பது போன்றவற்றை 2023 நவம்பர் 30-ஆம் தேதி வெளியான மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டு நெறிமுறைகள் தடைசெய்த ஏமாற்று உத்திகளாகப் பட்டியலிட்டிருக்கின்றன. அதையும் படம் பிடியுங்கள்.

இனி இந்தக் கட்டுரையின் முக்கியமான இடம். மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். குறை கண்ட அன்று, அறையைக் காலி செய்வதற்கு முன், எழுத்தில் புகார் கொடுங்கள். வக்கீல் பாஷை தேவையில்லை. வெள்ளைத்தாளில் இவ்வளவு போதும்:

“அறை எண் இது. இன்று தேதி இது, இரவு 9.40. ஏசி ஒரு மணி நேரமாக ஓடியும் அறை குளிரவில்லை. குளியலறையில் வெந்நீர் இல்லை. முன்பதிவில் காட்டிய முதல் மாடி அறை தரப்படவில்லை. உடனே மாற்று அறை தரவும்; இயலாவிட்டால் இன்றைய வாடகையைத் திருப்பித் தரவும்.”

இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்தும் முத்திரையும் கேளுங்கள். தரமாட்டார்கள். பரவாயில்லை. அந்தத் தாளை அங்கேயே போட்டோ எடுத்து, விடுதியின் மின்னஞ்சலுக்கும், முன்பதிவு செய்த தளத்தின் புகார்ப் பிரிவுக்கும், ரிசப்ஷன் வாட்ஸ்அப் எண்ணுக்கும் அதே நிமிடத்தில் அனுப்புங்கள். மாற்று அறை கேட்டதற்கு ஆதாரம் இருந்தால்தான் ‘சரிசெய்ய வாய்ப்பே தரவில்லை’ என்ற விடுதியின் வழக்கமான வாதம் அடிபடும். அறையை வீடியோ எடுக்கும்போது கதவு எண்ணிலிருந்து தொடங்குங்கள். மூலக் கோப்பைப் போனிலிருந்து அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்து போன பிரதிக்கு மதிப்பு குறைவு. மின்னணுச் சான்றுகளோடு பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். எந்தப் போன், யார் எடுத்தது, எப்போது என்ற விவரம் அதில் வரும்.

செக்-அவுட்டின்போது இன்னொரு பொறி இருக்கிறது. சிரித்த முகத்தோடு ஒரு கருத்துப் பதிவேட்டை நீட்டுவார்கள். ராத்திரி முழுக்கக் கொசுக்கடியில் தூங்காதவரும் நாகரிகம் கருதி ‘நைஸ் ஸ்டே’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார். பின்னால் வழக்குப் போட்டால், நுகர்வோர் ஆணையத்தில் விடுதி நீட்டும் முதல் ஆவணம் அதுதான். எழுதினால் உண்மையை எழுதுங்கள், இல்லாவிட்டால் எழுதாதீர்கள். ‘காம்ப்ளிமென்டரி டின்னர்’ தந்துவிட்டு ‘முழுத் தீர்வு’ என்று அச்சிட்ட தாளில் கையெழுத்துக் கேட்பதும் உண்டு. சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பில்லைக் கேட்டு வாங்குங்கள். ஒரு நாள் அறை வாடகை ரூ.7,500 வரை என்றால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. கணக்கு நீங்கள் உண்மையில் கொடுத்த வாடகைக்குத்தான், சுவரில் தொங்கும் பட்டியல் விலைக்கு அல்ல. பட்டியலில் 9,000 என்று போட்டுத் தள்ளுபடியில் 7,200 வாங்கினால் 5 சதவீதமே வரும். ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று தானாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். தானாகச் சேர்க்கக் கூடாது என்ற 2022 ஜூலை வழிகாட்டு நெறிமுறையை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று உறுதி செய்திருக்கிறது. நாமாக விரும்பிக் கொடுப்பது வேறு.

நம் பகுதிக்கே உரிய ஒரு தவறும் உண்டு. சொந்தச் செலவில் போய்விட்டு, நண்பர் ஒருவர் சொன்னார் என்று கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்துக் கம்பெனி பெயரில் பில் வாங்குகிறார்கள். பிறகு வழக்குப் போட்டால், ‘இது வணிக நோக்கத்துக்கான சேவை, இவர் நுகர்வோரே அல்ல’ என்று விடுதி ஆரம்பித்துவிடும். சொந்தப் பயணத்துக்கு சொந்தப் பெயரில் பில் வாங்குங்கள். கம்பெனியே பணம் கட்டி உங்களை அனுப்பியிருந்தால், சேவையைப் பயன்படுத்தியவர் என்ற முறையில் வாதிட இடம் உண்டு, ஆனால் எச்.ஆர். துறையிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும். கொரிய, ஜப்பானிய விருந்தினர்களுக்கு இப்படி அறை பிடித்துக் கொடுக்கும் அட்மின் ஊழியர்கள் கூடுதலாக ஒன்றைக் கேட்க வேண்டும்: வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவரது விவரத்தை அரசிடம் பதிய வேண்டிய கடமையை அந்த விடுதி செய்கிறதா என்று.

ஊர் திரும்பியதும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். தமிழிலும் பேசலாம். அது சமரச முயற்சிதான். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை. ஆனாலும் பல விடுதிகள் அந்த அழைப்புக்கே பாதிப் பணத்தைத் தந்துவிடுகின்றன. தளம் வழியாக முன்பதிவு செய்திருந்தால், 2020 மின்வணிக விதிகளின்படி அவர்களுடைய குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

அதிலும் நடக்கவில்லையா? ஒரு நோட்டீஸ் அனுப்பிப் பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டதால், டெலிவரிச் சான்றோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். போர்டில் உள்ள பெயருக்கு அனுப்பாதீர்கள். ‘விலாஸ்’, ‘மாளிகை’ என்பதெல்லாம் கடைப் பெயர். வழக்கில் எதிர்த்தரப்பாக நிற்கப்போவது அதன் பின்னால் உள்ள கம்பெனி அல்லது தனிநபர். பில்லில் இருக்கும் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் ‘வரி செலுத்துவோரைத் தேடு’ பகுதியில் போட்டால் சட்டப்படியான பெயரும் முகவரியும் வரும். பெயர் தவறினால் நோட்டீஸ் திரும்பி வரும், மாதங்கள் ஓடும். பில் முக்கியம் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகவும்தான்.

பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். இங்கேதான் பலர் ‘காரைக்குடிக்கு யார் அலைவது’ என்று விட்டுவிடுகிறார்கள். அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, புகார்தாரர் வசிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ வழக்குத் தொடர வழிசெய்கிறது. ஆதாரில் தூத்துக்குடி முகவரியோ ஒடிசா முகவரியோ இருந்தாலும், ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்ப்பதற்கான அடையாள அட்டையும் வாடகை ஒப்பந்தமும் போதும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதி காஞ்சிபுரம் மாவட்டம். சிங்கப்பெருமாள் கோவில், மறைமலை நகர் பக்கம் குடியிருப்பவர்களுக்கு அது செங்கல்பட்டு. மாவட்டத்தை மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். தளம் நடுவில் நின்றுபோகும், பொறுமையாக மறுபடி நுழையுங்கள். புகார் மனு, உறுதிமொழிப் பத்திரம், பணம் கட்டிய ரசீது, பில், அந்த 9.40 மணித் தாள், மின்னஞ்சல்கள், படங்கள், நோட்டீஸ், டெலிவரிச் சான்று என்று தேதி வரிசையில் எண் போட்டு இணையுங்கள். விடுதியோடு முன்பதிவுத் தளத்தையும் இரண்டாம் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ‘பணம் திரும்பத் தரப்படாது’ என்ற நிபந்தனையே நியாயமற்ற ஒப்பந்தம் என்று வாதிட்டால் வழக்கு சென்னையில் உள்ள மாநில ஆணையத்துக்குப் போய்விடும். சேவைக் குறைபாடு, தவறான விளம்பரம் என்று எழுதினால் மாவட்டத்திலேயே நிற்கும்.

கேட்கும் தொகையில் நிதானம் வேண்டும். இருபதாயிரம் வாடகைக்குப் பத்து லட்சம் மன உளைச்சல் என்று எழுதினால் படிப்பவருக்கே சிரிப்பு வரும். வாடகை, வேறு விடுதிக்கு மாறிய செலவு, நியாயமான இழப்பீடு, வழக்குச் செலவு போதும்.

‘நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற போர்டைக் கண்டு பின்வாங்காதீர்கள். 1998-ல் டெல்லி தாஜ்மகால் ஹோட்டலில் விருந்தினர் ஒருவர் வண்டியை நிறுத்தும்படி ஊழியரிடம் சாவியைக் கொடுத்தார், கார் திருடுபோனது. சீட்டில் பொறுப்புத் துறப்பு அச்சிட்டிருந்தும், தன் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து ஹோட்டல் நழுவ முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

கால வரம்பு இரண்டு வருடம். எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், கேட்டால் இன்னும் 15. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. உறுப்பினர் பதவிகளை மாதக்கணக்கில் காலியாக வைத்திருக்கும் அரசுகள் அந்தப் பக்கத்தைப் படித்ததாகத் தெரியவில்லை. நேரில் போக ஷிப்ட் இடம் தராவிட்டால் காணொலி விசாரணை கேட்டு மனுப் போடலாம். உத்தரவு வந்தும் விடுதி பணம் தராவிட்டால், அதே ஆணையத்தில் 71-ஆம் பிரிவில் நிறைவேற்ற மனுவும், 72-ஆம் பிரிவில் தண்டனை கோரும் மனுவும் போடுங்கள். பின்னதில் மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. அந்த மனுவின் நகல் கையில் கிடைத்ததும்தான் பல விடுதிக்காரர்களுக்கு நம் வங்கிக் கணக்கு எண் தேவைப்படுகிறது.