மழை நின்ற பிறகும் அபாயம் உண்டு!
வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் முதலில் செய்ய வேண்டியது என்ன?

பெரம்பலூர் மாவட்டத்தில் பச்சைமலைப் பக்கம் இருக்கும் ஊர் பூலாம்பாடி. ஐப்பசி பிறந்து மழை வலுத்தால் அங்கே ஓட்டு வீட்டுக்காரர்களுக்கு ஒரே கவலைதான். கூரை ஒழுகுமா? சுவர் தாங்குமா?

மழை நின்றதும் பலர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடுகிறார்கள். அது தவறு.

மின்சாரம்

முதல் வேலை, மெயின் சுவிட்சை அணைப்பது. தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தொடவே கூடாது. சுவிட்ச் நனைந்திருந்தால் மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும்.

மண் சுவர்

மண் சுவர் தண்ணீரை உறிஞ்சும். கனம் கூடும். பிடிப்பு இளகும். மழை நின்று இரண்டு நாள் கழித்துக்கூட அது விழலாம். புதிய வெடிப்போ, உப்பலோ, சாய்வோ தெரிந்தால் அந்தச் சுவரோரம் யாரும் படுக்கக் கூடாது. ஆடு மாடுகளையும் அங்கே கட்டக் கூடாது.

ஈரச் சுவரில் அவசரப்பட்டு சிமெண்டு பூசுவதும் வீண். உள்ளே ஈரம் தங்கி, பூச்சு பெயர்ந்து விழும்.

பத்திரங்கள்

2015-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. சென்னை வெள்ளத்தில் பட்டாவையும் பள்ளிச் சான்றிதழையும் இழந்த குடும்பங்கள் ஏராளம். நகல் கொடுக்க அரசு தனி முகாம்களே நடத்தியது. முன்பே ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி உயரத்தில் வைத்திருந்தால் பலருக்கு அந்த அலைச்சல் இருந்திருக்காது.

நனைந்த காகிதத்தைச் சுடு வெயிலில் போடக் கூடாது. சுருங்கி விடும். நிழலில், காற்றில் உலர்த்த வேண்டும். ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிய்த்து இழுக்கக் கூடாது. இரண்டு நாளுக்குள் உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

துப்புரவு

வெள்ளம் தொட்ட சமைத்த உணவைக் கொட்டிவிட வேண்டும். குடிநீரைக் கொதிக்க வைக்க வேண்டும். தரையைக் கழுவப் பிளீச்சிங் பவுடர் நல்லது. ஆனால் அதோடு ஆசிட்டைச் சேர்க்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும். ஜன்னல், கதவுகளைத் திறந்து வைத்தால் ஈரம் சீக்கிரம் போகும்.

உடைந்த ஓட்டை மாற்றுவது பெரிய வேலை அல்ல. புரட்டாசியிலேயே அதை முடித்துவிட்டால், ஐப்பசி மழையில் வீட்டார் நிம்மதியாகத் தூங்கலாம்.