கயிறு அறுந்தால் யார் பொறுப்பு?



சில வாரங்களுக்கு முன் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும், இரண்டு லாரிகளுக்குச் சொந்தக்காரரான ஓர் இளைஞர் நம்மை அணுகினார். ஈரோட்டில் அவர் ஏற்றிய ஜவுளிப் பேல்களில் சில, வழியில் பெய்த பெருமழையில் நனைந்து பாழாகிவிட்டனவாம். சரக்குக்குரியவர் நஷ்டஈடு கேட்கிறாராம். "மழை அல்லாஹ்வின் நாட்டம். அதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன், ஹஜ்ரத்? லாரி ரசீதில் 'சரக்கு உரிமையாளர் பொறுப்பில்' என்றுதான் அச்சிட்டிருக்கிறேன்" என்றார். "தார்ப்பாய் எப்படி இருந்தது, தம்பி?" என்று வினவினோம். தலைகுனிந்து நின்றவர், "பழையது. இரண்டு இடங்களில் கிழிந்திருந்தது" என்றார்.

ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டட்டுமா என்று கேட்டவரிடம், முதலில் அதைக் கட்டு, பிறகு பொறுப்புச் சாட்டு என்று கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியைத் திர்மிதீ நூலில் காண்கிறோம். அதை அறியாத முஸ்லிம் இல்லை. ஆனால் அங்கே பேசப்பட்டது கேட்டவரின் சொந்த ஒட்டகம். பிறருடைய ஒட்டகத்தைக் கூலிக்கு ஓட்டிச் செல்பவன் அதைக் கட்டாமல் விட்டால் என்ன சட்டம்?

இதற்கு விடை காண நம் சட்ட மேதைகள் எந்த அளவு நுணுகி ஆராய்ந்தார்கள் என்பதை, மதரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதிக்கொடுக்கப்படும் ஹிதாயா என்ற நூலில் காணலாம். சலவைத் தொழிலாளி அடித்துத் துவைத்ததில் துணி கிழிந்தாலும், சுமை தூக்குபவன் கால் இடறினாலும், சுமையைக் கட்டிய கயிறு அறுந்தாலும், ஓடக்காரன் இழுத்த இழுப்பில் ஓடம் கவிழ்ந்தாலும், பொருளுக்கு ஈடு தருவது கூலி பெற்றவனின் பொறுப்பு என்று அந்நூல் விதிக்கிறது. கயிறு தானே அறுந்தது என்று சொல்லித் தப்ப முடியாது. அதைச் சோதித்துப் பார்க்காதது அவனுடைய கவனக்குறைவு. இத்தனைக்கும் இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள், பலருக்கும் பொதுவாகக் கூலி வேலை செய்பவனின் கையிலுள்ள பொருளை அமானிதமாகவே கருதுபவர்கள். பொருள் களவு போனால்கூட அவன்மீது ஈடு இல்லை என்பது அவர்களுடைய தீர்ப்பு. அவர்களின் மாணவர்களான இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மது (ரஹ்) இருவரும் இன்னும் ஒருபடி மேலே சென்று, களவுக்கும் அவனே பொறுப்பு என்றார்கள். பரவி எரியும் பெருந்தீ, எதிர்க்க இயலாத கொள்ளைக் கூட்டம் போன்ற தடுக்க முடியாதவற்றுக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள். சாயமிடுவோரையும் பொற்கொல்லரையும் இவ்வாறு ஈடு தரச் செய்த ஹழ்ரத் அலீ (ரலி) அவர்கள், இதுவன்றி மக்களின் காரியம் சீர்படாது எனக் கருதியதாக அறிவிக்கப்படுகிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில், கூலி பெற்றவன் வரம்பு மீறினாலோ அலட்சியம் செய்தாலோ மட்டுமே பொறுப்பாவான். கிழிந்த தார்ப்பாய் அலட்சியமன்றி வேறென்ன? இரு மத்ஹபுகளிலும் அந்த இளைஞருக்குத் தப்ப வழியில்லை.

நாட்டின் சட்டமும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. 1865ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2007இல் இயற்றப்பட்ட சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, சரக்கு சேதமானால் லாரிக்காரரின் அலட்சியத்தை நிரூபிக்கும் சுமை சரக்குக்காரர்மீது இல்லை. ஆனால் அவர் சரக்கின் மதிப்பைத் தெரிவித்து உயர்ந்த கட்டணம் செலுத்தாதவரை, ஈட்டுத்தொகை வாடகையைப் போல் பத்து மடங்கைத் தாண்டாது. வரிக்கு அஞ்சிப் பட்டியலில் மதிப்பைக் குறைத்தெழுதும் வணிகப் பெருமக்கள் இதைக் கவனிக்க வேண்டும். வரி கட்டும்போது ஒரு விலையும் நஷ்டஈடு கேட்கும்போது ஒரு விலையும் ஒரே சரக்குக்கு இருக்க முடியாது!

இனி, யார் குற்றமுமின்றி வரும் இழப்பைப் பார்ப்போம். புயலில் சிக்கிய கப்பலின் சுமையைக் குறைக்கச் சிலருடைய சரக்கைக் கடலில் எறிய எல்லோரும் உடன்பட்டால், அந்த இழப்பு அனைவருக்கும் பொதுவாகும் என்பது ஹனஃபீ சட்டம். உயிர்களைக் காக்க எறிந்தால் தலைக்கு இவ்வளவு என்றும், உடைமைகளைக் காக்க எறிந்தால் உடைமையின் மதிப்புக்கேற்பவும் பங்கிட வேண்டும். இது ஏட்டோடு நின்றுவிட்ட சட்டம் என்று எண்ண வேண்டாம். 2021 மார்ச் 23ஆம் நாள் சூயஸ் கால்வாயில் 'எவர் கிவன்' என்ற கப்பல் குறுக்கே சிக்கி ஆறு நாட்கள் போக்குவரத்தை அடைத்துக்கொண்டதே, நினைவிருக்கிறதா? சுமார் 18,300 கண்டெய்னர்கள் அதில் இருந்தன. கப்பலை மீட்ட செலவில், சேதமே அடையாத சரக்கின் உரிமையாளர்களும் பங்கு தர வேண்டியதாயிற்று. காப்பீடு செய்யாதவர்கள் ரொக்கமாகப் பிணைத்தொகை கட்டிய பின்னரே சரக்கைப் பெற முடிந்தது. கடல் வணிகத்தின் பொதுவிதி இன்றளவும் அதுவே.

அப்படியாயின் காப்பீடு கூடுமா? வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. ஹிஜ்ரி 1252இல் (1836) மறைந்த திமிஷ்க் நகரத்து அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் தம் காலத்து வணிகர்களிடம் கண்ட ஒரு வழக்கத்தை விவரிக்கிறார்கள். அந்நிய நாட்டார் கப்பலை வாடகைக்கு அமர்த்தும் வணிகர், கப்பல் வாடகைக்கு மேல், தம் நாட்டிலிருக்கும் வேறொருவருக்கும் ஒரு தொகை செலுத்துவார். தீயிலோ கடலிலோ கொள்ளையிலோ சரக்கு அழிந்தால் அவர் ஈடு தருவார். 'சவ்கரா' என்பது அதன் பெயர். காப்பீட்டைத் துருக்கியர் இன்றும் 'சிகோர்த்தா' என்றே அழைக்கின்றனர். சரக்கு அந்த மனிதரின் கையில் இல்லை. ஆபத்தை அறிந்தே மறைத்துப் 'பாதை பாதுகாப்பானது, போ' என்று ஏமாற்றியவரும் அல்லர் அவர். எனவே பொறுப்பே இல்லாத ஒருவர்மீது பொறுப்பைச் சுமத்திப் பெறும் அந்த ஈட்டுப் பணம், இஸ்லாமிய நாட்டில் செய்த ஒப்பந்தத்தின் பேரில் வந்தால் ஆகாது என்று தீர்ப்பளித்தார்கள். காப்பு வேண்டும் என்ற எண்ணத்தை அவர்கள் குறை கூறவில்லை. ஆபத்தை விலைபேசும் ஒப்பந்தத்தையே மறுத்தார்கள்.

1985இல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவையும், லாப நோக்கிலான காப்பீட்டைத் தடுத்து, நன்கொடை அடிப்படையில் ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுக் காப்பீட்டை அனுமதித்தது. 1979இல் சூடானிலும், 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மலேசியாவிலும் இது 'தகாஃபுல்' என்ற பெயரில் நடைமுறைக்கு வந்தது. உணவு குறைந்துவிட்டால், இருப்பதையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொண்ட அஷ்அரீ குலத்தாரை நாயகம் (ஸல்) அவர்கள் தம்மைச் சேர்ந்தவர்கள் என்று பாராட்டியதே இதற்கு முன்மாதிரி.

நம் நாட்டில் தகாஃபுல் வேரூன்றவில்லை. வாகனத்தால் மூன்றாமவருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீட்டை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பதால், அதைச் செய்தவர்மீது குற்றமில்லை என்பதே உலமாக்கள் பலரின் கருத்து. சரக்குக் காப்பீட்டைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் ஏற்றுமதி ஒப்பந்தத்திலோ வங்கியின் நிபந்தனையிலோ அது வந்துவிடுவதை ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வணிகர்கள் நன்கறிவர். அத்தகையோர் தம் ஒப்பந்தத்தை ஓர் ஆலிமிடம் காட்டித் தெளிவு பெறட்டும். உள்ளூர் லாரி உரிமையாளர்கள் பத்துப் பேர் மாதம் ஒரு தொகையை நன்கொடையாகப் போட்டு வைத்து, விபத்தில் சிக்கியவருக்கு அதிலிருந்து உதவ எவர் தடை? காப்பீடு ஹராமா என்று நம்மிடம் ஓயாமல் கேட்பவர்கள், கிழிந்த தார்ப்பாயைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த இளைஞர் மறு ஜும்ஆவுக்கு வந்தார். கிழிசலுக்கு நேர்கீழே இருந்து நனைந்த பேல்களுக்கு உரிய தொகையை மூன்று தவணைகளில் தருவதாகச் சரக்குக்காரரிடம் எழுதிக்கொடுத்து, முதல் தவணையைச் செலுத்திவிட்டதாகச் சொன்னார். இரண்டு லாரிகளுக்கும் புதுத் தார்ப்பாய் வாங்கியிருக்கிறாராம். ரசீதிலுள்ள அந்த வரியை மட்டும் என்ன செய்வது என்று கேட்டார். அடித்துவிடச் சொன்னோம்.