ஏலக்கன்று வாங்கியாயிற்றா?

இடுக்கி மலையில் ஞள்ளானி ஏலம் பேர்பெற்ற ரகம். செபாஸ்டியன் ஜோசப் என்ற விவசாயி தேர்ந்தெடுத்தது அது. வெளியூரிலிருந்து கன்று வந்ததும் குழியில் வைத்துவிடாதீர்கள். முதலில் இளம் இலையைப் பாருங்கள். நடு நரம்பிலிருந்து ஓரம் வரை வெளிர்ந்த கோடுகள் ஓடுகின்றனவா? அது கட்டே நோய். இதற்கு மருந்து கிடையாது. அசுவினிப் பூச்சி இதை அடுத்த செடிக்குப் பரப்பும். ஒரு கன்றின் காசைப் பார்த்தால் தோட்டமே போய்விடும். அதை அழித்துவிடுங்கள்.

நல்ல கன்றில் ஒரு முதிர்ந்த தண்டும் ஓர் இளங்குருத்தும் இருக்கும். மழை தொடங்கியதும் நடலாம், அடைமழையில் வேண்டாம். குழியில் மேல்மண்ணும் மக்கிய எருவும் நிரப்புங்கள். கிழங்கு மூடினால் போதும். ஆழமாக நட்டால் குருத்து எழும்பாது, அழுகிவிடும். காற்றில் சாயாமல் குச்சியோடு கட்டுங்கள். அடியில் சருகு போடுங்கள். நிழல் மரத்தை வெட்டாதீர்கள். நட்ட பிறகும் அடிக்கடி இலையைப் பாருங்கள். சில செடியில் கோடு பிந்தித்தான் தெரியும்.