விருந்தில் கரையும் புரதம், தோலில் நிலைக்கும் புரதம்

ஜப்பானில் வெந்நீர் ஊற்றுகள் ஏராளம். அவற்றின் அருகே உள்ள விடுதிகளில் இரவு விருந்து சிறு சிறு கிண்ணங்களில், பல சுற்றுகளாக வரும். ‘கைசெகி’ என்பது அதன் பெயர். சில இடங்களில் ஊற்று நீரில் வைத்து எடுத்த முட்டையும் கிடைக்கும். அதை உடைத்தால் ஒரு விந்தை! மஞ்சள் கரு கட்டியிருக்கும். வெள்ளைக் கருவோ குழைவாகவே இருக்கும். நம் வீட்டு அரைவேக்காட்டு முட்டைக்கு இது நேர் எதிர் அல்லவா?

காரணம் வெப்பநிலைதான். மஞ்சள் கரு சுமார் 65 முதல் 70 டிகிரி செல்சியஸில் இறுகுகிறது. வெள்ளைக் கருவின் முக்கியப் புரதம் கெட்டிப்பட 80 டிகிரி வரை வேண்டும். ஊற்று நீர் 70 டிகிரியில் இருந்தால், மஞ்சள் கரு மட்டும் கட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு வெப்பக் கணக்கு உண்டு என்பது இதிலிருந்து விளங்குகிறது.

இந்தக் கணக்கைக் கற்க நீங்கள் ஜப்பானுக்குப் போக வேண்டியதில்லை. ஆம்பூர்க் கலியாண விருந்து ஒன்றே போதும். நம் ஊரில் எல்லாம் ஒரே இலைக்கு வந்துவிடும். பாடத்துக்காக நாம் அதைச் சுற்றுகளாகப் பிரித்துக்கொள்வோம்.

முதல் சுற்று: பிரியாணி

சீரகச்சம்பா அரிசி, ஆட்டிறைச்சி, காய்ந்த மிளகாய் விழுது ஆகியவை ஆம்பூர் பிரியாணியின் உயிர். பாதி வெந்த அரிசியை வடித்து, வெந்த இறைச்சியோடு சேர்த்து, தேக்சாவை இறுக மூடித் ‘தம்’ போடுகிறார்கள். மூடியின்மேல் தணலைப் பரப்புகிறார்கள். உள்ளே எழும் நீராவி வெளியேற வழியில்லை. அது அரிசியின்மேல் படிந்து நீராக மாறும்போது, ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 540 கலோரி உள்ளுறை வெப்பத்தைக் கொடுக்கிறது. அதனால்தான் கிளறாமலே சோறு சீராக வேகிறது.

இறைச்சி மெத்தென்று ஆவது எப்படி? தசைநார்களைக் கட்டிப் பிடித்திருப்பது கொல்லாஜன் என்ற புரதம். மூன்று இழைகளை முறுக்கிய கயிறு போன்ற அமைப்பு அதற்கு. ஈரச் சூட்டில், 60 டிகிரியைத் தாண்டியதும் இந்த முறுக்கு தளர ஆரம்பிக்கிறது. நிதானமாக நேரம் கொடுத்தால் இழைகள் பிரிந்து ஜெலாட்டினாகக் கரைகின்றன. குழம்புக்கு வழவழப்பைத் தருவது இதுவே.

இரண்டாவது சுற்று: வெங்காயப் பச்சடி

மிளகாயில் உள்ள கேப்சைசின் உண்மையில் நாக்கைச் சுடுவதில்லை. சுமார் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணரும் நரம்பு வாயிலை அது திறந்துவிடுகிறது. மூளையோ ‘சுடுகிறது’ என்று நம்பிவிடுகிறது! இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கேப்சைசின் தண்ணீரில் எளிதில் கரையாது. தயிரிலுள்ள கேசின் புரதம் அதைப் பற்றி அகற்றும். ஆகவே காரத்துக்குச் செம்பு நீரைவிடத் தயிர்ப் பச்சடியே நல்லது.

மூன்றாவது சுற்று: தேநீர்

பால் சேர்க்காத கடுந்தேநீர் ஒரு மடக்கு குடித்துப் பாருங்கள். வாய் வறண்டு துவர்க்கிறதா? தேயிலையில் உள்ள டானின், உமிழ்நீரின் புரதங்களைப் பற்றிக்கொள்வதே காரணம். அதே தேநீரில் பாலை ஊற்றினால் துவர்ப்பு குறையும். டானினுக்குப் பிடித்துக்கொள்ளப் பால் புரதம் கிடைத்துவிட்டது!

இந்தத் துவர்ப்புதான் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஊர்களின் தொழில். தோலும் பெரும்பாலும் கொல்லாஜனே. பச்சைத் தோலை நீரில் சூடாக்கினால் 60 டிகிரியை ஒட்டிச் சுருங்கிவிடும். ஆவாரம்பட்டை, கடுக்காய் ஆகியவற்றின் டானின் ஏறினால், கயிற்றின் இழைகளுக்கிடையே பிணைப்புகள் உண்டாகித் தோல் இன்னும் அதிகச் சூட்டைத் தாங்கும். குரோமியம் உப்பால் பதனிட்டாலோ கொதிநீரையும் தாங்கும். பதனிட்டது சரியா என்று பார்க்க, ஒரு துண்டைக் கொதிநீரில் போட்டுச் சுருங்குகிறதா எனச் சோதிப்பதும் உண்டு. தேக்சாவில் கரைந்த அதே புரதம், செருப்பாகிப் பல ஆண்டுகள் உழைக்கிறது!

கடைசிச் சுற்று: தண்ணீர்

பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புப் போடுகிறார்கள். அதைக் கழுவும்போது உப்பும், பதனிட்டபின் எஞ்சிய குரோமியமும் நீரோடு போகின்றன. அப்படிப் போன கழிவு பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரைக் கெடுத்தது. கிணறுகள் உப்புக் கரித்தன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்கின. ஆயினும் 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது.

ஏன் இவ்வளவு கடினம்? கரைந்த உப்பு மணலிலும் துணியிலும் சிக்காது. மிக நுண்ணிய சவ்வின் வழியே நீரை அழுத்தித் தள்ளினால்தான் பிரியும். அப்படிப் பிரித்தாலும் உப்பு மறைந்துவிடுமா? இல்லை. குவியலாக மிஞ்சும், மழை படாமல் அதைக் காக்க வேண்டும். பொருள் அழிவதில்லை என்ற விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். ஆகவே உப்பைக் குறைவாகப் போட்டுத் தோலைக் காப்பதும், குரோமியத்தை மீட்டு மறுபடி பயன்படுத்துவதும்தான் நல்ல வழி. சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் உழைத்து வருகிறது.

கொல்லாஜனின் முறுக்கை அவிழ்க்கவும் இறுக்கவும் நமக்குத் தெரியும். கிணற்று நீரில் ஏறிய உப்பை இறக்குவதுதான் இன்னும் தீராத கணக்கு. வேதியியல் கற்கும் உங்களுக்காக அது காத்திருக்கிறது.