கிறிஸ்துமஸ்: விழாவும் விசுவாசமும்

டிசம்பர் பிறந்துவிட்டால் செம்பூரில் எங்கள் குடியிருப்பில் நாலைந்து பால்கனிகளில் காகித நட்சத்திரம் தொங்கும். கோவாக்காரர் வீட்டிலிருந்து குல்குல் வரும். எங்கள் வீட்டிலிருந்து முறுக்கும் அதிரசமும் போகும். சென்ற ஆண்டு பலகாரத் தட்டோடு அடுத்த வீட்டுக்குப் போனபோது, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் சிறுமி கேட்டாள்: "தாத்தா, கிறிஸ்துமஸ்னா கிறிஸ்துமஸ் தாத்தாவோட பிறந்த நாளா?"

எல்லோரும் சிரித்தோம். வீடு திரும்பிய பிறகு யோசித்தேன். கடைகளையும் தொலைக்காட்சியையும் பார்த்து வளரும் குழந்தை வேறு எப்படி நினைக்கும்? இத்தனை ஆண்டுகள் பலகாரம் கொடுத்தோமே தவிர, பண்டிகையின் பொருளைச் சொல்லவில்லையே என்று பட்டது. அதன் விளைவே இக்கட்டுரை.

கிறிஸ்துமஸ் தாத்தா, 4ஆம் நூற்றாண்டில் இன்றைய துருக்கி நாட்டிலுள்ள மீரா நகரில் பேராயராக இருந்த நிக்கொலாஸ் என்பவரின் நினைவில் உருவானவர். ஏழைகளுக்கு மறைவாக உதவியவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். கிறிஸ்துமஸ் மரம் ஜெர்மனியில் தோன்றிய வழக்கம். டிசம்பர் 25 என்ற தேதிகூட வேதாகமத்தில் இல்லை. 4ஆம் நூற்றாண்டில் ரோமாபுரித் திருச்சபை கொண்டாடத் தொடங்கிய நாள் அது. ஆர்மீனியத் திருச்சபையார் இன்றும் ஜனவரி 6ஆம் தேதியே கொண்டாடுகிறார்கள். ஆகவே முக்கியமானது தேதி அல்ல, பிறந்தவர் யார் என்பதே.

ரோமப் பேரரசர் அகுஸ்து குடிமதிப்பு எழுத ஆணையிட்டார். நாசரேத்தில் தச்சு வேலை செய்துவந்த யோசேப்பு, கர்ப்பவதியான மரியாளுடன் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, தம் முன்னோர் ஊரான பெத்லகேமுக்குப் போனார். சத்திரத்தில் இடமில்லை. பிறந்த குழந்தையை, மாட்டுக்குத் தீவனம் வைக்கும் தொட்டியில் கிடத்தினார்கள். முதல் செய்தி அரண்மனைக்குப் போகவில்லை. இரவுக் காவலில் இருந்த ஆட்டு மேய்ப்பர்களுக்கு வந்தது. பின்னர் ஏரோது மன்னன் குழந்தையைக் கொல்லத் தேடியபோது, அந்தக் குடும்பம் எகிப்துக்குத் தப்பி ஓடியது. தங்க இடமின்றி அலைவதும், மொழி தெரியாத ஊரில் குடும்பத்தைக் காப்பாற்றுவதும் என்னவென்று, பிழைப்புக்காக பம்பாய் வந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் குழந்தை கடவுளே மனிதனாக வந்தவர் என்பது கிறிஸ்தவர்களின் விசுவாசம். 'இம்மானுவேல்' என்ற எபிரெயப் பெயருக்கு 'கடவுள் நம்முடன்' என்பது பொருள். 'இயேசு' என்றால் 'கர்த்தர் இரட்சிக்கிறார்'. மனிதனைப் பாவத்திலிருந்து மீட்க வந்தவர் என்பதால், தீவனத் தொட்டியில் தொடங்கிய வழி சிலுவையில் போய் முடிகிறது. புனித வெள்ளியை மறந்துவிட்டால் கிறிஸ்துமஸ் வெறும் பிறந்த நாள் விழாவாகிவிடும்.

இந்த யோசேப்பையே காப்பியத் தலைவராக்கி, 'வளன்' என்று தமிழ்ப் பெயரும் சூட்டி, 3,615 பாடல்களில் 'தேம்பாவணி' பாடினார் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர். இது 18ஆம் நூற்றாண்டில் எழுந்த நூல். இத்தனை பாடல்கள் பெற்றவர், நான்கு சுவிசேஷங்களிலும் ஒரு வார்த்தைகூடப் பேசுவதாக இல்லை! ஊர் பேசும் என்று தெரிந்தும் மரியாளை ஏற்றுக்கொண்டார். புறப்படு என்றபோது இரவோடு இரவாகப் புறப்பட்டார். விசுவாசம் என்பது வாயால் ஒப்புக்கொள்வது மட்டுமல்ல, நம்பி நடப்பது என்பதற்கு அவரே உதாரணம்.

இதை நான் தாமதமாகவே உணர்ந்தேன். ரயில்வேயில் எங்களுக்குக் குடும்ப பாஸ் உண்டு. பொதுவாக மகனுக்கு 21 வயது வரைதான் தகப்பன் பாஸில் இடம். பிறகு அவனே டிக்கெட் எடுக்க வேண்டும். ஆனால் விசுவாச விஷயத்தில் நான் நாற்பது வயதை நெருங்கும்வரை என் தகப்பனார் பாஸிலேயே பயணம் செய்தேன். அவர் கோயிலுக்குப் போனார், நானும் போனேன், அவ்வளவுதான்.

1996 டிசம்பரில் என் மனைவி பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பின் மருத்துவமனையில் இருந்தார். 24ஆம் தேதி இரவு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் நட்சத்திரம் கட்டவில்லை; கேக் இல்லை; ஆராதனைக்கும் போகவில்லை. 'கடவுள் நம்முடன்' என்பது சிறு வயதிலிருந்து மனப்பாடம். அது எனக்கும்தானா என்று அன்றுதான் கேட்டேன். மனப்பாட ஜெபங்கள் எதுவும் வரவில்லை. "நீர் இங்கே இரும்" என்று மட்டும் சொன்னேன். அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. அவர் தேற இரண்டு மாதம் ஆயிற்று. ஆனால் நான் தனியாக இல்லை என்பது அன்று தெரிந்தது, இன்றுவரை மாறவில்லை. விடியற்காலையில், நெற்றியில் விபூதியோடு எதிர்வீட்டு மாமி ஃபிளாஸ்க்கில் காப்பியும் டப்பாவில் இட்லியும் கொண்டுவந்து நின்றார். என் வாழ்வில் அதைவிட நல்ல கிறிஸ்துமஸ் விருந்து நான் சாப்பிட்டதில்லை.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் வாசிக்க வராது. 24ஆம் தேதி இரவு பத்து நிமிடம் ஒதுக்கி, லூக்கா 2ஆம் அதிகாரத்தைத் தமிழில் அவர்கள் காதுபட வாசியுங்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள். நம் பாஸ் அவர்களுக்குக் கடைசிவரை உதவாது.

மற்ற அன்பர்களுக்கு: பலகாரம் வாங்கிக்கொள்ளும்போது பண்டிகையைப் பற்றியும் தயங்காமல் கேளுங்கள். நாங்களும் பொங்கலன்று கேட்போம்.

அந்தச் சிறுமிக்கும் பதில் சொல்லிவிட்டேன்: "இல்லை கண்ணு, அந்தத் தாத்தா பிறந்த நாள் வீட்டுக்கு வந்த விருந்தாளி. பிறந்த குழந்தை வேறு."

அனைவருக்கும் கிறிஸ்துமஸ் நல்வாழ்த்துக்கள்!