இயலும் இசையும் பிரிந்தபோது: ஆங்கிலக் கதைப்பாடல் ஆய்வு பற்றிய ஒரு நோக்கு

ஆங்கில இலக்கியத்தையும் இசையையும் ஒரே பட்டத்துக்குரிய இணைக் கற்கைநெறியாகப் பயிலும் வாய்ப்பினைப் பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் சில வழங்குகின்றன. இது மாணவரின் இரசனையை விரிவாக்கும் என்று மட்டும் கூறி நாம் அமைந்துவிடல் போதாது. இசையினின்றும் பிரிந்தபோது இலக்கிய ஆய்வு எதனை இழந்தது என்பதை நோக்கின், இவ்விணைப்பின் இன்றியமையாமை புலனாகும். கதைப்பாடல் ஆய்வின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ஹார்வாட் பல்கலைக்கழக ஆங்கிலப் பேராசிரியரான பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டின் பெருந்தொகுப்பு 1882 முதல் 1898 வரை வெளிவந்தது. 305 கதைப்பாடல்கள் பாடபேதங்களுடன் அதில் நிரல்படுத்தப்பட்டன. இன்றும் அப்பாடல்களை அவர் இட்ட எண்களாலேயே சுட்டுகின்றோம். எனினும், பெரும்பாலும் கையெழுத்துப் பிரதிகளையும் அச்சுப் பிரதிகளையும் ஆதாரமாகக் கொண்ட அத்தொகுப்பில் மெட்டுகள் மிகச் சிலவே இடம்பெற்றன. பாடப்பட்டவை இவ்வாறு படிக்கப்படுபவையாயின. பேர்க்லியில் ஆங்கிலம் கற்பித்த பேட்ரண்ட் புரொன்சன் அவற்றின் மெட்டுகளைத் திரட்டி, 1959 முதல் 1972 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்ட பின்னரே இக்குறை பெருமளவு நீங்கியது.

மெட்டு இங்கு வெறும் அணியன்று. கதைப்பாடற் செய்யுளில் நான்கு அழுத்தங்கள் கொண்ட அடியும் மூன்று அழுத்தங்கள் கொண்ட அடியும் மாறிமாறி வருதல் பெருவழக்கு. ஏட்டில் இரண்டாம் அடி குறையுடையதாகத் தோன்றும். பாடும்போதோ நீட்டமோ ஓய்வோ நான்காவது தட்டினை நிரப்பிவிடும். அவ்வாறே, வாசிப்போர்க்குச் சலிப்பூட்டும் மீள்வரிகள் கூடிப் பாடுவோர்க்கு இடமளிப்பவை. அவற்றை ஒதுக்கிப் படிக்கும்போது, பாடலைப் பேணிவந்த கூட்டு வாழ்வையும் நாம் ஒதுக்கிவிடுகின்றோம்.

மறுபுறத்தில், இசைநாட்டம் மட்டும் போதுமெனவும் கொள்ளுதற்கில்லை. 1903இல் சேகரிப்பைத் தொடங்கிய செசில் ஷார்ப், பாடுவோர் வாயிலாகவே மெட்டுகளைக் கேட்டு நுணுக்கமாகக் குறித்துக்கொண்டார். ஆயினும் நாட்டுப்பாடலைக் கிராமிய மக்களின் உடைமையாகவே அவர் பெரிதும் கருதினார். அக்கால ஒழுக்க நியமங்களுக்கு ஒவ்வாத சொற்கள் அவரது வெளியீடுகளில் மாற்றப்பட்டன. சுரங்கத் தொழிலாளரின் பாடல்களைப் பரவலான கவனத்துக்குக் கொண்டுவந்ததில் ஏ. எல். லொயிட் 1952இல் வெளியிட்ட தொகுப்புக்குப் பெரும்பங்குண்டு.

எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்கள் தம் அனுபவங்களுட் பலவற்றைக் குரலிலேயே விட்டுச் சென்றனர். அக்குரலில் சொல்லை ஒரு துறைக்கும் இசையை மற்றொரு துறைக்கும் பங்கிட்டுவிட்டால், அவர்தம் இலக்கிய வரலாற்றை எத்துறையும் முழுமையாக எழுதவியலாது. ஆகவே, இரு பாடங்களை அருகருகே வைப்பதோடு இணைக் கற்கைநெறியின் பணி முடிந்துவிடாது. பாடத் திறனாய்வு, இசைக்குறிப்புப் பயிற்சி, சமூக வரலாறு ஆகிய மூன்றையும் ஒரே பாடலின்மீது ஒருங்கே செலுத்த மாணவரைப் பயிற்றுவதே அதன் தலையாய கடமையென நாம் கருதுகின்றோம்.